லோகன் கவுண்டியின் பழுப்புக் கோடுகள்

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில் லோகன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரிப் பிரதேசம். அதன் பழைய டோப்போஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத் தாள், ஒன்றைத் திரையில் விரித்தால் தாள் முழுக்கப் பச்சை, பச்சைக்கு மேல் நெருக்கி நெருக்கிப் பழுப்புக் கோடுகள். பச்சை என்றால் காடு, பழுப்பு என்றால் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு. வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ஓடைக்கரைகள்தான். அந்த ஒடுக்கமான வெள்ளைப் பட்டைக்குள் ஒரு நீல ஓடை, ஓடையை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டி ரோடு, ரோட்டோரம் கடுகு இறைத்த மாதிரிக் கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு வீடு.

எனக்குப் பிழைப்பே வரைபடம்தான். பகலெல்லாம் வரைபடங்களைக் கையாளும் ஜிஐஎஸ் மென்பொருளில் குடிநீர்க் குழாய்களுக்கு உயரம் போட்டுக்கொண்டிருப்பேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் யாரோ எங்கேயோ வரைந்த வேறொரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத வேண்டாம். ஆனால் குழாய் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எந்தத் தாளைப் பார்த்தாலும், தண்ணீர் எங்கே நிற்கும், அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் கண் போகும். லோகன் தாள்களில் அப்படிக் கண் போன இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1879இல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக யுஎஸ்ஜிஎஸ். அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதையும் அளந்து வரைய இறங்கினார்கள். முதல் தலைமுறைத் தாள்கள் ரொம்பப் பொடி அளவுகோல்: 1:1,25,000. தாளில் ஓர் அங்குலம் என்றால் தரையில் ஏறத்தாழ இரண்டு மைல். மூன்றுகால் தாங்கியில் பலகையை நிறுத்தி, அதன் மேல் காகிதத்தை ஒட்டி, தொலைநோக்கி பொருத்திய அளவுகோலால் தூரத்துக் குன்றைக் குறிபார்த்து அங்கேயே நின்று வரைந்த படங்கள் அவை. மலைச்சரிவுகளில் கோடுகள் கொஞ்சம் கற்பனையோடு வளைந்திருக்கும். மூச்சு வாங்க மலையேறிய ஆள், பார்க்க முடியாத பின்பக்கச் சரிவை அனுமானத்தில் போட்டிருப்பார். அவர்மேல் எனக்குக் குறையே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலையின் போக்கே மாறிவிட்டது. 1:24,000 அளவில் நாடு முழுவதையும் வரைவது என்று முடிவெடுத்து, 1990களின் தொடக்கம் வரை இழுத்து, ஏறத்தாழ 55,000 தாள்களை முடித்தார்கள். ஓர் அங்குலத்துக்கு 2,000 அடி. விமானத்திலிருந்து ஒன்றோடொன்று மேல்படியும்படி எடுத்த இரண்டு புகைப்படங்களை, ஒரு கண்ணுக்கு ஒன்றாகக் காட்டும் கருவி வந்தது. பார்ப்பவருக்கு மலை புடைத்துக்கொண்டு முன்னால் நிற்கும். அந்த மாயமலையின் மேல் ஒரு வெளிச்சப் புள்ளியைக் குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்தி, தரையை விட்டு எழும்பாமலும் தரைக்குள் புதையாமலும் நகர்த்திக்கொண்டே போனால் ஒரு சம உயரக் கோடு கிடைக்கும். அடுத்த உயரம், அடுத்த கோடு. அப்பலாச்சியக் காடுகளில் இலை இருந்தால் தரை தெரியாது. அதனால் இலை உதிர்ந்த மாதங்களில் எடுத்த படங்கள்தான் இதற்குத் தோதுப்பட்டன. ஒரே தாளை நாள் கணக்கில் குனிந்து பார்த்தவர்களின் கழுத்து வலியை நான் நன்றாகப் புரிந்துகொள்வேன்.

வரைந்து முடித்ததும் ஆட்கள் களத்துக்குப் போய்ச் சரிபார்ப்பார்கள். ஓடைக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், இது வீடா கொட்டகையா, பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறதா என்றெல்லாம் கேட்டு வருவார்கள். தாளின் கீழ் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் புகைப்படம் எடுத்த ஆண்டும் களத்தில் சரிபார்த்த ஆண்டும் போட்டிருக்கும். பழைய தாளை எடுத்தால் நான் முதலில் படிப்பது அதைத்தான். அச்சிட்ட ஆண்டை நம்பி ஏமாறக் கூடாது. தாள் காட்டுவது புகைப்படம் எடுத்த நாளின் ஊரை.

சரி, லோகனுக்கு வருவோம். இந்தப் பக்கத்துத் தாள்களில் பெரும்பாலும் நாற்பது அடிக்கு ஒரு கோடு. ஓடை மட்டத்திலிருந்து முகடு வரை எண்ணினால் கண் கலங்கிவிடும். கயண்டாட் ஆற்றுக்கு இருபுறமும் கிளை ஓடைகள், அவற்றுக்குக் கிளைகள், அவற்றுக்கும் கிளைகள். இரண்டு ஓடைகளுக்கு நடுவே மேசை மாதிரி சமதரை எங்கும் இல்லை, கத்தி முனை போன்ற முகடுதான். ஆகவே மனிதர் குடியிருக்க இடம் ஓடைக்கரை மட்டுமே. அந்தக் கரையையும் முதலில் ரயில்வே எடுத்துக்கொண்டது, அடுத்து நிலக்கரி அலசும் ஆலை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில்தான் வீடுகள்.

1904இல் ரயில் லோகனுக்கு வந்தது. அதற்கு முன்னால் இது மக்காச்சோளமும் மரம் வெட்டுவதுமாக இருந்த மலைநாடு. ரயில் வந்ததும் கம்பெனிகள் வந்தன. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, கூலியில் ஒரு பங்கு அந்தக் கடையில் மட்டுமே செல்லும் உலோக வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். ஹோல்டன் என்பது ஐலண்ட் கிரீக் நிலக்கரிக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயர். ஆம்ஹர்ஸ்ட்டேல் என்றால் ஆம்ஹர்ஸ்ட் நிலக்கரிக் கம்பெனியின் ஊர். 1950 கணக்கெடுப்பில் லோகன் கவுண்டியின் மக்கள்தொகை 77,391. 2020இல் 32,567. பாதிக்கும் கீழே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த தாள்களில் கறுப்புச் சதுரங்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பள்ளத்தாக்குகள் நிரம்பி வழிந்த காலம் அது.

குறியீடுகளைப் பழகிவிட்டால் தாள் பேச ஆரம்பிக்கும். சதுரத்தின் மேல் சின்னக் கொடி இருந்தால் பள்ளிக்கூடம், சிலுவை இருந்தால் தேவாலயம். குறுக்காக வைத்த இரண்டு குந்தாலிகள் என்றால் கல்குவாரி அல்லது திறந்தவெளிச் சுரங்கம். மலைச்சரிவில் கிடக்கும் ஒய் எழுத்து மாதிரியான குறி, மலைக்குள் கிடைமட்டமாகப் போகும் சுரங்க வாய். இந்த வாய்கள் ஒரே மலையைச் சுற்றிப் பல இடங்களில் இருக்கும், ஆனால் உயரம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பாறை அடுக்குகள் இங்கே பெரிதாகச் சாயாமல் படுத்திருப்பதால், கரி அடுக்கும் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் மலைக்குள் ஓடுகிறது. மலையைச் சுற்றி எந்தப் பக்கம் குடைந்தாலும் அதே கரிதான். தாளில் சுரங்க வாய்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தேன். சம உயரக் கோட்டோடு ஒட்டியே போயிற்று. கரியைத் தாள் காட்டவில்லை, ஆனால் கரி எங்கே இருக்கிறது என்று இப்படிக் கோள்சொல்லிவிடுகிறது.

தாளில் ஒரு மலைமுகட்டுக்கு மட்டும் தனிக் கதை. பிளேர் மலை. 1921 ஆகஸ்ட் கடைசியில், சங்கம் வைக்கும் உரிமை கேட்டு ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளிகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, துப்பாக்கிகளோடு லோகனை நோக்கி நடந்து வந்தார்கள். தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் அதிகாரி சிட் ஹாட்ஃபீல்டை அந்த மாதம் 1ஆம் தேதி மெக்டோவல் கவுண்டியில் நீதிமன்றப் படியிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தக் கோபம். லோகனின் ஷெரீஃப், அதாவது கவுண்டி போலீஸ் தலைவர், டான் சாஃபின், கம்பெனிகளிடம் காசு வாங்கி ஆள் சேர்த்தவர். அவர் ஆட்கள் ஸ்புரூஸ் ஃபோர்க் முகட்டில் இயந்திரத் துப்பாக்கிகளோடு உட்கார்ந்தார்கள். தாளைப் பார்த்தால் சண்டை ஏன் அங்கே நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முகட்டைக் கடக்கும் பாதைகள் கோடுகள் கொஞ்சம் தாழும் கணவாய்களில் மட்டுமே போகின்றன. கணவாயைப் பிடித்தவன் கையில் லோகன். சாஃபின் வாடகை விமானங்களிலிருந்து குண்டு போட வைத்தார். கடைசியில் மத்திய அரசின் படை வந்ததும் தொழிலாளிகள் கலைந்தார்கள். 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த நாட்டு மண்ணில் இப்படியொரு ஆயுதக் கிளர்ச்சி அரிது. இவ்வளவுக்கும் அந்த முகடு தாளில் மற்ற முகடுகளைப் போல் ஒரு முகடுதான்.

இனி என் கண் நின்ற இடம். 'லோராடோ' என்று பெயர் போட்ட 1:24,000 தாள். அதில் பஃபலோ கிரீக் என்ற ஓடையின் தலைப்பகுதி இருக்கிறது. சாண்டர்ஸ் என்ற சின்ன ஊரில் சிற்றோடைகள் கூடி பஃபலோ கிரீக் ஆகி, மேற்கே ஏறத்தாழ 17 மைல் ஓடி, மேன் என்ற ஊரில் கயண்டாட் ஆற்றில் விழுகிறது. ஓடை முழுக்க ஒரே தாளில் அடங்காது, பக்கத்துத் தாள்களையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிவைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்துப் போகலாம்: சாண்டர்ஸ், பார்டி, லோராடோ, கிரேன்கோ, லண்டேல், ஸ்டோவ், கிரைட்ஸ், லட்ரோப், ராபினெட், ஆம்ஹர்ஸ்ட்டேல், பெக்கோ, ஃபான்கோ, பிரேஹோம், ஆக்கோவில், கிரவுன், கிஸ்ட்லர். பதினாறு ஊர். ஒரே ஓடை, ஒரே ரோடு. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சதுரங்களை வைத்துச் சொல்ல முடியாது.

சாண்டர்ஸில் கூடும் ஓடைகளில் ஒன்று மிடில் ஃபோர்க். சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் கூம்பி, கூம்பின் முனை மேல்நீரோட்டத்தைக் காட்டும். மிடில் ஃபோர்க்கில் இந்தக் கூம்புகள் கூர்மையாக, வரிசையாக, ஒரு புனல்போல் சாண்டர்ஸ் நோக்கி இறங்குகின்றன. அங்கே பல ஆண்டுகளாகச் சுரங்கக் கழிவைக் கொட்டி வந்தார்கள். பிறகு கரி அலசிய கறுப்புத் தண்ணீரை நேரே ஓடையில் விடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. கொட்டிய கழிவையே குறுக்கே மேடாக்கி, தண்ணீரை அதன் பின்னால் தேக்கி, கசியவிட்டு வடிகட்டினார்கள். முதல் அணை நிரம்பியதும் அதற்கு மேலே இரண்டாவது. 1968 முதல் இன்னும் மேலே மூன்றாவது. மூன்றாவதற்கு அடித்தளம் பாறை கிடையாது. முந்தைய குட்டைகளில் படிந்த கரிச்சேற்றின் மேலேயே கழிவைக் கொட்டி எழுப்பினார்கள். பெரு மழைக்குத் தண்ணீர் வெளியேற முறையான வழியும் இல்லை, ஒரு குழாய் மட்டும் இருந்தது. குழாய் வேலை பார்க்கிற எவனும் இதைப் படித்தால் ஒரு நிமிடம் தலையில் கை வைப்பான்.

அந்த அணை சாண்டர்ஸ் ஊருக்கு ஏறத்தாழ 260 அடி உயரத்தில் இருந்தது. நாற்பது அடிக்கு ஒரு கோடு என்றால் ஆறேழு கோடு. விரலால் தொட்டு எண்ணிவிடலாம்.

1972 பிப்ரவரி 26, சனிக்கிழமை. சில நாட்களாக மழை. காலை எட்டு மணியளவில் மூன்றாவது அணை போயிற்று. அது கீழே இருந்த இரண்டையும் அடித்துக்கொண்டு வந்தது. முதல் அணையின் கழிவுக் குவியல் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது, இந்தக் குவியல்கள் ஆண்டுக்கணக்கில் அப்படிப் புகையும். தண்ணீர் பட்டதும் அது வெடித்தது. 13.2 கோடி கேலன், நம் கணக்கில் 50 கோடி லிட்டர் கறுப்புத் தண்ணீரும் சேறும் ஒரே மூச்சில் அந்தப் புனலுக்குள் இறங்கின. சாண்டர்ஸில் எதுவும் மிஞ்சவில்லை. அலை முப்பது அடி எழும்பியதாகப் பதிவுகள் சொல்கின்றன. பள்ளத்தாக்கு வளையும் இடங்களில் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மோதி மோதிப் போனது. ஒரு வளைவில் வீடுகள் தப்பின, எதிர்க்கரையில் வரிசையே காணாமல் போயிற்று. மேன் வரை போய்ச் சேர அதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. 125 பேர் இறந்தார்கள். 1,121 பேர் காயம்பட்டார்கள். 507 வீடுகள் அழிந்தன. ஓடையோரம் வாழ்ந்த 5,000 பேரில் 4,000 பேருக்கு மேல் வீடில்லாமல் ஆனார்கள்.

அணைக்குச் சொந்தக்காரரான பஃபலோ மைனிங், நியூயார்க்கில் தலைமையகம் வைத்திருந்த பிட்ஸ்டன் கம்பெனியின் துணை நிறுவனம். அவர்கள் தரப்பு இதைக் கடவுளின் செயல் என்றது. நான் டோப்போஷீட்டைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். மழை கடவுளுடையது என்றே வைத்துக்கொள்வோம். ஆறேழு கோடு மேலே தண்ணீரைத் தேக்கியது யார்? இந்தத் தாள் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய தாள். கம்பெனியின் பொறியாளர் மேசையில் கட்டாயம் இருந்திருக்கும், அதில்லாமல் சுரங்க வேலை நடக்காது. அணை உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அதில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் விரிய இடமே கிடையாது. மலை இரண்டு பக்கமும் சுவராக நிற்கிறது, நடுவில் வீடுகள் பதினேழு மைலுக்கு. வெள்ள அபாய ஆய்வு என்று தனியாக ஒன்று எழுத வேண்டிய தேவையே இல்லாத நிலம்.

யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1966 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகு அமெரிக்க உள்துறை அமைச்சகம், நம்மிடம் இப்படி எத்தனை மேடு இருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்பியது. வந்தவர் யுஎஸ்ஜிஎஸ்ஸின் நிலவியலாளர். அதாவது இந்தத் தாளை அச்சிட்ட அதே அமைப்பு. 1967இல் மேற்கு வர்ஜீனியாவில் 30 கழிவு அணைகள் ஆபத்தானவை என்று மாநில அரசுக்கு எச்சரிக்கை போனது. பஃபலோ கிரீக்கும் பட்டியலில் இருந்தது. மூன்றாவது அணையைக் கொட்டத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

உயிர் தப்பிய அறுநூற்றுச் சொச்சம் பேர் வழக்குப் போட்டு 1974இல் 1.35 கோடி டாலருக்குச் சமாதானம் ஆனார்கள். மாநில அரசு 10 கோடி டாலர் கேட்டுத் தனியாகப் போட்ட வழக்கை, ஆளுநர் ஆர்ச் மூர் 1977இல் பதவி விட்டு இறங்குவதற்குச் சில நாட்கள் முன்னால் 10 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார். வீடிழந்தவர்களை அரசு டிரெய்லர், அதாவது வண்டியில் இழுத்து வரும் வீடுகள், முகாம்களில் குடிவைத்தது. யார் யாருக்குப் பக்கத்து வீடு என்று பார்க்காமல், காலியாக இருந்த டிரெய்லரில் வந்தவரைப் போட்டார்கள். சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரமாக இருபது முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் வேறு வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள். வெள்ளத்தைவிட இதுதான் தங்களை உடைத்தது என்று பின்னாளில் பலர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இதற்குப் பிறகு வந்த திருத்தப் பதிப்புகளில் ஒரு புது நிறம் சேர்கிறது: ஊதா. 1970, 80களில் மறுபடி விமானப் படம் எடுத்து, பழைய தாளின் மேலேயே மாறியதை மட்டும் ஊதாவில் அச்சடித்தார்கள். களத்துக்கு ஆள் போய்ச் சரிபார்ப்பதில்லை, அதையும் ஓரத்தில் நேர்மையாகப் போட்டுவிடுவார்கள். சிக்கனம்தான். ஆனால் எனக்கு இந்த ஊதாப் பதிப்புகள் பிடிக்கும். புதுச் சாலை ஊதா, புது வீடு ஊதா, மலையைச் சுற்றி வெட்டிய சுரங்கத்தின் எல்லை ஊதா. ஒரே தாளில் இரண்டு காலம் கண்ணுக்குத் தெரியும்.

டோப்போஷீட் காட்டாத விஷயங்களும் உண்டு. நிலத்தின் சொந்தக்காரர் யார் என்று அது காட்டாது. மாநில எல்லை, கவுண்டி எல்லை போடுவார்கள், பட்டா எல்லை போட மாட்டார்கள். லோகன் மாதிரி இடத்தில் மலையும் மலைக்குள் இருக்கும் கரியும் வெளியூர்க் கம்பெனிகள் கையில் இருந்தன என்பது தாளில் எங்கும் தெரியாது. பச்சைக் காடு, யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி அமைதியாகக் கிடக்கும்.

மலைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அது காட்டாது. சுரங்க வாய் தெரியும், உள்ளே எத்தனை மைல் குடைந்திருக்கிறார்கள் என்பது தெரியாது. அதற்குக் கம்பெனிப் பொறியாளர்கள் வரைந்த தனி வரைபடங்கள் உண்டு. கம்பெனி மூடினால் அந்த வரைபடமும் எங்காவது ஒரு பரணுக்குப் போய்விடும். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் குவேகிரீக் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் இன்னும் ஏறத்தாழ முந்நூறு அடிக்கு அப்பால் இருக்கிறது என்று நம்பிக் குடைந்தார்கள். கையில் இருந்த வரைபடம் அப்படிச் சொன்னது. உண்மையில் பழையவர்கள் அதைத் தாண்டி வெட்டியிருந்தார்கள். சுவர் உடைந்து கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் உள்ளே புகுந்தது. ஒன்பது பேர் 240 அடி ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். மேலே நின்றவர்கள் ஜிபிஎஸ் வைத்து இடத்தைக் கணித்து, ஆறு அங்குலத் துளை போட்டுச் சூடான காற்றைச் செலுத்தி, பிறகு ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய துளை போட்டு, 77 மணி நேரம் கழித்து ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கினார்கள். தப்பான வரைபடத்தால் வந்த ஆபத்து, அட்சரேகை, தீர்க்கரேகை என்ற சரியான இரண்டு எண்களால் தீர்ந்தது. என் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

இப்போது லோகன் தாள்களுக்கு வேறொரு பயன் வந்திருக்கிறது. அது கொஞ்சம் விபரீதமான பயன். 1970களுக்குப் பிறகு, குறிப்பாக 90களில், கரியை எடுக்க மலைக்குள் போவதை விட்டு மலையின் தலையையே வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். வெடிவைத்து, கரிக்கு மேலே இருக்கும் பாறையைப் பெயர்த்து, பக்கத்து ஓடைப் பள்ளத்தில் தள்ளிவிடுவது. 1977இல் வந்த சட்டம், சுரங்கம் தோண்டிய நிலத்தை ஏறத்தாழ முன்பிருந்த வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும் என்கிறது. ஆனால் தலைவெட்டுச் சுரங்கத்துக்கு அதே சட்டத்தில் விலக்கும் உண்டு. வீடோ தொழிற்சாலையோ வரும் என்று சொல்லிச் சமதரையாக விட்டுவிடலாம். அப்படி விட்ட சமதரைகளில் பெரும்பாலானவை இன்னும் சும்மாதான் கிடக்கின்றன.

முன்பிருந்த வடிவம் என்ன என்று கேட்டால் காட்ட இந்தப் பழைய தாள்கள்தான் இருக்கின்றன. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதைத்தான் செய்தார்கள். பழைய உயரங்களையும் இப்போதைய உயரங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கழித்துப் பார்த்தார்கள். சுரங்கம் நடந்த சில பகுதிகள் முன்பைவிட 40 சதவீதம் தட்டையாகிவிட்டன. மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் மட்டும் 1,544 ஓடைத்தலைகள் பாறையால் நிரப்பப்பட்டிருக்கின்றன, மொத்தம் 640 கோடி கன மீட்டர். சில நிரப்பல்கள் 200 மீட்டர் ஆழம். ஓடையின் நீலக் கோடு தாளில் இருக்கும், நேரில் அதன் மேல் அறுநூறு அடிக்குக் கல் இருக்கும்.

பிளேர் மலையையும் வெட்டத் திட்டம் இருந்தது. 2009இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது, சில மாதங்களில் நீக்கப்பட்டது, நீதிமன்றம் சுற்றி 2018இல் மறுபடி சேர்ந்தது. 1921இல் வெடித்த தோட்டா உறைகளை முகடு நெடுகப் பொறுக்கி, எந்தக் கணவாயில் யார் நின்றார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியதும் அந்த வாதத்துக்கு உதவியது.

ஊர்க்காரர்களுக்கு இந்தத் தாள்கள் வேறு ஒரு விதத்தில் வேண்டியிருக்கின்றன. இந்த மலைகளில் குடும்பக் கல்லறைகள் முகட்டில்தான் இருக்கும், கீழே கிடைத்த சமதரையை வீட்டுக்கும் சோளத்துக்கும் வைத்துக்கொண்டு இறந்தவர்களை மேலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். களத்தில் சரிபார்த்தவர்கள் கேட்டு வந்து அவற்றைச் சின்னக் கட்டமாகப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த முகடு கம்பெனியின் வேலிக்குள் இருக்கலாம். தனியார் நிலத்துக்குள் இருந்தாலும் கல்லறைக்குப் போக உறவினருக்கு உரிமை உண்டு என்று மேற்கு வர்ஜீனியாவில் சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே கல்லறை இருந்தது என்று காட்ட வேண்டுமே. பாட்டியின் ஞாபகத்தைவிட, அரசாங்கம் அச்சடித்த தாளில் இருக்கும் கட்டத்துக்கு மதிப்பு அதிகம்.

2009க்குப் பிறகு வரும் புதிய அமெரிக்கத் தாள்கள் கணினியே தரவிலிருந்து தொகுத்துப் போடுபவை. அழகாக இருக்கின்றன, உயரங்கள் துல்லியம். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் சதுரமாகப் போடும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஊருக்குள் நடந்துபோய்ப் பெயர் கேட்கும் ஆளும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. உயரத்தைச் சென்டிமீட்டரில் தெரிந்துகொண்டு, அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்பதை விட்டுவிட்டால் அந்தத் துல்லியத்தை வைத்து என்ன செய்வது?

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போவியூ தளத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய தாள்கள் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா, லோராடோ என்று தேடுங்கள். கேஎம்இசட் வடிவில் இறக்கினால் கூகுள் எர்த்தில் மலைகளின் மேலேயே போர்த்திவிடலாம். ஒளிபுகும் அளவைக் கூட்டிக் குறைத்தால் பழைய சதுரங்களும் இன்றைய கூரைகளும் மாறி மாறித் தெரியும். சாண்டர்ஸில் தொடங்கி ஓடையோடு கீழே வாருங்கள். வீடுகள் எந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தால் மேன் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும்.